நீர் வற்றிய கால்வாயும் நினைவு வற்றாத ஊரும்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், அல்ஸ்டர் மாவட்டத்தில், ராண்டவுட் ஆற்றங்கரையில் ஹை ஃபால்ஸ் என்னும் சிற்றூர் உள்ளது. ஆயிரம் பேர்கூட வாழாத இவ்வூருக்குப் பெயரளித்தது ஆற்றின் அருவி. எழுபது ஆண்டுக்காலம் வாழ்வளித்தது ஒரு கால்வாய். 1828 முதல் 1898 வரை நிலக்கரி ஏற்றிய படகுகள் இவ்வூரின் வழியே சென்றன. பின்னர் நீர் வடிந்தது; படகுகள் மறைந்தன; கரைகளில் மரங்கள் வளர்ந்தன. கால்வாயைத் தோற்றுவித்த நிறுவனமே அதனைக் கைவிட்ட பிறகு, அதன் வரலாற்றைக் காக்கும் பொறுப்பை அவ்வட்டாரத்தார் ஏற்றனர். 1960களில் அவர்கள் அமைத்த டெலவேர்–ஹட்சன் கால்வாய் வரலாற்றுச் சங்கம் இன்றும் பணியாற்றி வருகிறது. ஒரு சிற்றூர் தன் கடந்த காலத்தை எவ்வாறு காக்கிறது, அக்காப்பு எப்போது முழுமை பெறுகிறது என்னும் இரு வினாக்களுக்கும் இவ்வூர் தக்க சான்றாகும்.

கால்வாய் எழுந்த காரணம்

வரலாற்றுக்குப் புறத்தோற்றம் ஒன்றும் உள்ளுறை ஒன்றும் உண்டு என இப்னு கல்தூன் தம் ‘முகத்திமா’வில் பகுத்துக் காட்டுகிறார். நிகழ்ச்சிகளை எடுத்துரைத்தல் முன்னது. அவற்றின் காரணங்களை ஆராய்தல் பின்னது. எனவே இக்கால்வாய் ஏன் தோன்றியது என்பதை முதலில் காண்போம்.

1812இல் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போர் மூண்டபோது, அமெரிக்கத் துறைமுக நகரங்களுக்குக் கடல்வழி வந்துகொண்டிருந்த நிலக்கரி தடைப்பட்டது. எரிபொருள் பஞ்சம் வணிகர்களைச் சிந்திக்க வைத்தது. பிலடெல்பியாவில் துணி வணிகம் செய்த வில்லியம், மாரிஸ் உர்ட்ஸ் என்னும் சகோதரர்கள் பென்சில்வேனியாவின் வடகிழக்கு மலைப்பகுதியில் ஆந்த்ரசைட் என்னும் உயர்தர நிலக்கரி நிறைந்த நிலங்களைப் பெற்றனர். கரி மலையில் இருந்தது. அதனை வாங்குவோர் நியூயார்க் நகரில் இருந்தனர். இடையிலிருந்த மலைகளைக் கடக்க நீர்வழியே தக்கது என அவர்கள் முடிவு செய்தனர்.

1823இல் நிறுவனத்துக்கு அரசின் அனுமதி கிடைத்தது. 1825 ஜனவரியில் நியூயார்க்கின் ஒரு காப்பிக் கடையில் பங்குகள் விற்பனைக்கு வந்தபோது, தேவைக்கு மேல் பணம் குவிந்தது. அதே ஆண்டு ஜூலையில் அகழ்வுப் பணி தொடங்கிற்று. 1828 அக்டோபரில் படகுகள் ஓடலாயின. பென்சில்வேனியாவின் ஹோன்ஸ்டேல் தொடங்கி, ஹட்சன் ஆற்றில் கலக்கும் ராண்டவுட் ஆறு வரை 108 மைல் நீளம் கொண்டது இக்கால்வாய். ஏறத்தாழ 174 கிலோமீட்டர். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே படகை ஏற்றி இறக்க, இருபுறமும் கதவுகள் கொண்ட கல் தொட்டிகள் கட்டப்பட்டன. இவற்றை ‘லாக்’ என்பர். தொட்டியில் நீரை நிரப்பினால் படகு உயரும், வடித்தால் தாழும். வழி நெடுக 108 லாக்குகள் இருந்தன.

நீருக்குள் நிற்கும் கற்சுவரை வெறும் சுண்ணச்சாந்தால் பிணைக்க இயலாது. நீரிலும் இறுகும் சாந்து வேண்டும். அத்தகைய சாந்தைத் தரும் சுண்ணக்கல் படிவங்கள் 1825இல் ஹை ஃபால்ஸ் அருகிலேயே கண்டறியப்பட்டன. கால்வாய் வேலைக்குக் கிடைத்த அக்கல், அண்டையிலுள்ள ரோசன்டேலின் பெயர் தாங்கிய பெரும் சிமெண்ட் தொழிலாக வளர்ந்தது. புரூக்ளின் பாலமும் சுதந்திரதேவி சிலையின் பீடமும் அச்சிமெண்டைக் கொண்டே எழுந்தன. ஒரு சிற்றூரின் மண்ணுக்கும் உலகறிந்த கட்டடங்களுக்கும் இடையிலுள்ள இவ்வுறவை உள்ளூர் வரலாறே நமக்கு நினைவூட்டுகிறது.

கல்லும் கம்பியும்

1840களின் இறுதியில் பெரிய படகுகள் செல்லும் வண்ணம் கால்வாய் விரிவாக்கப்பட்டது. ஆறுகளின் குறுக்கே கால்வாய் நீரைக் கொண்டுசெல்லும் தொட்டிப்பாலங்கள் நான்கினைக் கட்டும் பணி ஜான் ரோப்ளிங்கிடம் அளிக்கப்பட்டது. 1806இல் ஜெர்மனியில் பிறந்து 1831இல் அமெரிக்காவில் குடியேறிய பொறியாளர் அவர். பல தூண்களை ஆற்றில் நிறுத்தினால் வெள்ளமும் பனிக்கட்டியும் அவற்றில் மோதும். ஆதலால் மரத்தொட்டியை இரும்புக் கம்பி வடங்களில் தொங்கவிட்டார் அவர். நிலக்கரிப் படகு ஏறினால் பாலம் கூடுதல் சுமை தாங்க வேண்டுமே என ஐயுறலாம். மிதக்கும் படகு தன் எடைக்குச் சமமான நீரை ஒதுக்கிவிடுவதால் தொட்டியின் மொத்தச் சுமை மாறுவதில்லை. இந்நுட்பத்தில் தேர்ந்த அவரே பின்னாளில் புரூக்ளின் பாலத்தை வடிவமைத்தார். அவர் 1869இல் மறைந்தபின் மகன் வாஷிங்டனும் மருமகள் எமிலியும் அப்பணியை 1883இல் நிறைவுறச் செய்தனர்.

அந்நான்கு பாலங்களுள் ஒன்று ஹை ஃபால்ஸில் அமைந்தது. இன்று அங்கே எஞ்சியிருப்பவை கரையோரக் கற்கட்டுமானங்களே, தொட்டி தீக்கிரையானது. டெலவேர் ஆற்றின் மீதமைந்த பாலம் மட்டும் கால்வாய் மூடப்பட்ட பின் சாலைப் பாலமாகப் பயன்பட்டதால் உயிர் பிழைத்தது. அதனை 1980இல் தேசியப் பூங்காத் துறை வாங்கிப் புதுப்பித்தது.

கைவிட்டவர்களும் காத்தவர்களும்

கால்வாய்க்கு முடிவு அதன் இல்லத்திலேயே பிறந்தது எனலாம். 1829 ஆகஸ்டில், அமெரிக்காவின் வணிகத் தண்டவாளத்தில் முதன்முதலாக ஓடிய நீராவி எந்திரத்தை ஹோன்ஸ்டேலில் ஓட்டிப் பார்த்தது இதே கால்வாய் நிறுவனமே. எந்திரத்தின் எடையைத் தண்டவாளம் தாங்காததால் அம்முயற்சி அன்று நின்றது. ஆயினும் அரைநூற்றாண்டில் நிலை மாறிற்று. குளிர்காலத்தில் கால்வாய் உறைந்துவிடும்; ரயிலோ ஆண்டு முழுதும் ஓடும். நிறுவனம் சிறிது சிறிதாக ரயில்வே நிறுவனமாக மாறியது. 1898இல் கால்வாய்ப் போக்குவரத்தை முடித்துக்கொண்டது. 1899இல் தன் பெயரிலிருந்தே ‘கால்வாய்’ என்னும் சொல்லை நீக்கியது.

பெயரை நீக்குதல் எளிது. நிலத்தில் பதிந்த தடத்தை நீக்குதல் அரிது. நிலம் பலர் கைக்குச் சென்றது. இன்று கால்வாயின் சில பகுதிகள் மாவட்டப் பூங்காக்களாகவும், ஒரு பாலம் நடுவண் அரசின் பொறுப்பிலும், பல பகுதிகள் தனியார் உடைமையாகவும் உள்ளன. ஒரே கையில் இல்லாத ஒன்றைக் காப்பதற்கு ஆணை பயன்படாது. அண்டை வீட்டாரின் நல்லெண்ணமே தேவை. அந்நல்லெண்ணத்தை ஈட்ட வல்லவர்கள் உள்ளூர் மக்களே. சங்கம் உருவான சில ஆண்டுகளில், 1968இல், இக்கால்வாய் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு மதிப்பைத் தரும். புதரை வெட்டுவதும் வழியைச் செப்பனிடுவதும் வருவோர்க்கு விளக்குவதும் மக்கள் செய்ய வேண்டியவை.

சங்கத்தின் அருங்காட்சியகம் முதலில் பழைய தேவாலயக் கட்டடமொன்றில் இயங்கியது. படகுகள், லாக்குகள் ஆகியவற்றின் மாதிரிகளும் கருவிகளும் நிழற்படங்களும் அங்கே சேர்க்கப்பட்டன. பின்னர் டெப்யூ கால்வாய் இல்லம் எனப்படும் கல் கட்டடத்தைச் சங்கம் வாங்கி, அருங்காட்சியகத்தை அங்கே மாற்றியது. 1797இல் சத்திரமாகக் கட்டப்பெற்ற அவ்வில்லம் கால்வாய்க்கும் மூத்தது. அருகிலுள்ள ஐந்து லாக்குகளின் ஓரமாக மக்கள் நடந்து செல்லும் பாதையும் உண்டு. மீண்டும் நீர்விட்டுப் படகோட்டிக் காட்டுவதைக் காட்டிலும், சிதைவைச் சிதைவாகவே விளக்கும் இம்முறை நேர்மையானது. காண்போர் இருந்ததையும் அறிகின்றனர், இழந்ததையும் அறிகின்றனர்.

எவருடைய நினைவு?

எனினும் உள்ளூர் வரலாற்றுக்கு ஓர் இடையூறு உண்டு. நிறுவனத்தாரின் கணக்கும் பொறியாளரின் வரைபடமும் காகிதத்தில் நிலைபெறும். மண் சுமந்தவனின் உழைப்பு அவ்வாறு நிலைபெறுவதில்லை. நிறுவனத்தின் முதல் தலைவர் பிலிப் ஹோனின் பெயர் ஓர் ஊருக்கே அமைந்தது. அகழ்வில் உழைத்த அயர்லாந்துக் குடியேறிகள் பலரின் பெயர் எங்கும் இல்லை. படகை இழுத்த கோவேறு கழுதைகளின் பக்கத்தில் கரை நெடுக நடந்தவர்களில் சிறுவர்கள் பலர், அவர்களும் பெயரற்றவர்களே.

காலத்தையும் ஒப்பிட்டுக் காணல் வேண்டும். நியூயார்க் மாநிலத்தில் அடிமை முறை முழுமையாக ஒழிந்த நாள் 1827 ஜூலை 4. கால்வாய் தோண்டப்பட்டுக்கொண்டிருந்த ஆண்டு அது. அடிமை ஒழிப்புக்கும் பெண்ணுரிமைக்கும் குரல்கொடுத்த சோஜர்னர் ட்ரூத் பிறந்தது இதே அல்ஸ்டர் மாவட்டத்தில், ஏறத்தாழ 1797இல். மேற்சொன்ன கல் சத்திரமும் அவ்வாண்டிலேயே எழுந்தது. அவர் தம் ஆண்டையின் வீட்டை விட்டு நடந்து வெளியேறியது 1826இல். இவர்கள் அனைவருக்கும் முன்னே இப்பள்ளத்தாக்கில் வாழ்ந்தவர்கள் எசோபஸ் பழங்குடியினர். இச்செய்திகளை ஒதுக்கிவிட்டு எழுதப்படும் கால்வாய் வரலாறு நிறுவனத்தின் வரலாறாக நின்றுவிடும். ஊரின் வரலாறு ஆகாது.

ஆதலால், ஒரு வரலாற்றுச் சங்கத்தின் தகுதியை அது சேர்த்த பொருள்களின் எண்ணிக்கையால் அளக்கலாகாது. அப்பொருள்களைக் கொண்டு எத்தனை வகை மக்களைப் பற்றிப் பேச முடிகிறது என்பதே அளவுகோல். ஒரு லாக்கின் கல்லைக் காட்டி, இதை வடிவமைத்தவர் யார், வெட்டியவர் யார், இதற்குச் சாந்து கிடைத்தது எங்கே, இவ்வழியே கழுதையோட்டிச் சென்ற சிறுவன் என்னவானான் என அடுத்தடுத்துக் கேட்கத் தூண்டினால் அச்சங்கம் தன் கடமையைச் செய்துவிட்டது. முதல் வினாவுக்கு ஆவணம் விடை தரும். கடைசி வினாவுக்கு விடை தேட, அவ்வூரில் தலைமுறை தோறும் எவரேனும் முன்வர வேண்டும்.