வெளியூரில் ஒரு சொந்த ஊர் ஆட்டம்

ஔந்திலிருந்து பாலேவாடி ஸ்டேடியம் கொஞ்ச தூரம்தான். 1994 தேசிய விளையாட்டுகளுக்காகக் கட்டியது. ஐஎஸ்எல்லில் எஃப்சி புனே சிட்டி இருந்த காலத்தில் (2014-19) சென்னையின் எஃப்சி ஆட வந்தால் நாங்கள் வெளியூர் ரசிகர்கள். கொஞ்சம் அடக்கித்தான் கத்துவோம்.

2015 டிசம்பர் 12 மட்டும் கதையே வேறு. சென்னை வெள்ளத்தால் நம் அரையிறுதி முதல் ஆட்டம் இங்கே மாற்றப்பட்டது. எதிரே நடப்பு சாம்பியன் கொல்கத்தா. காகிதத்தில் நாம்தான் சொந்த மைதானக்காரர்கள், பாலேவாடியில்! ஊரில் சொந்தக்காரர்கள் வீட்டுச் சேற்றை வழித்துக்கொண்டிருக்க, இங்கே குதிக்கக் கூச்சமாக இருந்தது. பெலிசாரி, ஜெஜே, மென்டோசா அடித்து 3-0 ஆனபோது குதித்தேன், என்ன செய்ய?

கொல்கத்தாவில் 1-2 தோற்றும் மொத்தக் கணக்கில் 4-2. டிசம்பர் 20 இறுதியாட்டத்தில் கோவாவை அதன் மண்ணிலேயே 3-2 என்று சாய்த்துக் கோப்பை வாங்கினார்கள். புனே சிட்டி 2019-ல் கலைந்துபோனது.