மருந்தின் அளவும் அலகும்: வீட்டில் சரியாக அளப்பது எப்படி?

காவிரிப் படுகையில் நெல்லை மரக்காலால் அளந்த காலத்தில், மரக்காலின் கொள்ளளவு ஊருக்கு ஊர் வேறுபட்டது. எந்த மரக்கால் எனத் தெரியாமல் கணக்குப் பார்க்க இயலாது. திரவ மருந்துகளுக்கும் இது பொருந்தும். பாட்டிலின் செறிவு தெரியாமல் எத்தனை மில்லிலிட்டர் கொடுப்பது என முடிவு செய்யக் கூடாது.

மி.கி., மி.லி. – வேறுபாடு என்ன?

மில்லிகிராம் (மி.கி.) என்பது மருந்தின் எடை. மில்லிலிட்டர் (மி.லி.) என்பது அம்மருந்து கலந்துள்ள திரவத்தின் கொள்ளளவு. மருத்துவர் குழந்தையின் எடைக்கேற்ப மி.கி. அளவை நிர்ணயிக்கிறார். வீட்டில் அதனை மி.லி.யில் அளந்து கொடுக்கிறோம்.

எடுத்துக்காட்டு

10 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சலுக்காக ஒரு வேளைக்கு 125 மி.கி. பாராசிட்டமால் பரிந்துரைக்கப்பட்டுள்ளது எனக் கொள்வோம்.

• 5 மி.லி.யில் 125 மி.கி. உள்ள சிரப்: 5 மி.லி.
• 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப்: 2.5 மி.லி.
• 1 மி.லி.யில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து: 1.25 மி.லி.

சிரப்பின் அளவென எண்ணிச் சொட்டு மருந்தை 5 மி.லி. கொடுத்தால், குழந்தைக்கு 500 மி.கி., அதாவது நான்கு மடங்கு மருந்து சென்றுவிடும். பாராசிட்டமால் மிகுந்தால் கல்லீரல் பாதிக்கப்படலாம். அறிகுறிகள் உடனே தெரியாமலும் போகலாம்.

கவனிக்க வேண்டியவை

1. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெற்ற பாட்டிலும் கடையில் வாங்கிய பாட்டிலும் செறிவில் வேறுபடலாம். புதிய பாட்டில் வாங்கும்போதெல்லாம் லேபிளைப் பார்க்கவும்.
2. சங்கு, பாலாடை, வீட்டுத் தேக்கரண்டி ஆகியவற்றால் அளக்க வேண்டாம். அவை ஒரே அளவில் இருப்பதில்லை. மருந்துடன் வரும் அளவு மூடியையோ, ஊசியில்லாச் சிரிஞ்சையோ பயன்படுத்தவும்.
3. லேபிளைப் படிக்க இயலாதவர்கள், ஒரு வேளைக்கு எத்தனை மி.லி. என்பதை மருந்தாளுநரிடம் கேட்டு, பாட்டில் மீது தமிழில் எழுதி வாங்கிக்கொள்ளவும்.

இன்சுலின் போடுவோர் கவனத்திற்கு

இன்சுலின் ‘யூனிட்’ என்னும் அலகால் அளக்கப்படுகிறது. நம் நாட்டில் 1 மி.லி.யில் 40 யூனிட் உள்ள மருந்தும், 100 யூனிட் உள்ள மருந்தும் கிடைக்கின்றன. 40 யூனிட் மருந்துக்குச் சிவப்பு மூடியுள்ள சிரிஞ்சும், 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடியுள்ள சிரிஞ்சும் வழக்கத்தில் உள்ளன. நிறத்தை மட்டும் நம்பாமல், சிரிஞ்சில் அச்சிட்ட எண்ணும் மருந்தின் எண்ணும் ஒன்றா எனப் பார்க்கவும். 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் 20ஆம் கோடு வரை எடுத்தால், உடலில் செல்வது 20 யூனிட் அன்று, 50 யூனிட். இதனால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் குறையலாம்.

அளவு மிகுந்துவிட்டால்

அறிகுறிகளுக்காகக் காத்திருக்க வேண்டாம். மருந்துப் பாட்டிலையும் அளந்த கருவியையும் எடுத்துக்கொண்டு உடனே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லவும். அவசர ஊர்திக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104 ஆகிய எண்களை அழைக்கலாம்.