முத்துத் தரப்பகுப்பும் வெண்மை நிலைபேறும்
மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பில் வணிகர்கள் முத்தின் பருமனை 20 முதல் 1000 வரை துளைகள் கொண்ட பத்துப் பித்தளைச் சல்லடைகளால் அளந்தனர். ஆணி, அனதாரி முதலிய தரங்களையோ உருட்சி, நீரோட்டம், நிறம் நோக்கிக் கண்ணாலேயே வகுத்தனர். வெயிலிலிருந்து கொட்டகை நிழலுக்குக் கொண்டுசென்றாலும் முத்தின் வெண்மை ஏறத்தாழ மாறாமலே தோன்றுகிறது. கண் ஒளியின் அளவை நனவின்றியே கணித்து நீக்குகிறது என்றார் ஹெல்ம்ஹோல்ட்ஸ். அடுத்தடுத்த பரப்புகளின் ஒளிர்வு விகிதமே வெண்மையைத் தீர்மானிக்கிறது என ஹான்ஸ் வாலக் 1948இல் சோதனைவழிக் காட்டினார். ஒளி பாதியானால் முத்தும் விரிப்பும் ஒருசேர மங்கும், விகிதம் மாறாது. விரிப்பு மாறினாலோ விகிதமும் மாறும். ஆகவே நிறம் சார்ந்த அளவில், பழைய தரச்சொற்களை முத்தின் தனிப்பண்பாக அன்றி, ஒரே விரிப்பில் நிகழ்ந்த ஒப்பீட்டின் முடிவாகக் கொள்வதே வரலாற்றாய்வுக்குப் பொருந்தும்.