கொசுவலை வழியே காசி

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு கறுப்புப் பெட்டி கையில் அகப்பட்டது. 2016 டிசம்பரில் மகன் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்தது. உள்ளே செல்போனைச் செருகிக் கண்ணில் மாட்டிக்கொண்டால், தலையைத் திருப்பும் பக்கமெல்லாம் காட்சி தெரியும். மெய்நிகர் கண்ணாடி என்கிறார்கள், சுருக்கமாக வி.ஆர். அதைப் பார்த்ததும் ஒரு பழைய குற்ற உணர்வு எட்டிப் பார்த்தது. அதைச் சொல்லுமுன் கொஞ்சம் சரித்திரம் சொல்கிறேன். முப்பது வருஷம் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் பாடம் எடுத்தவன், பழக்கம் விடாது.

இந்த யோசனை புதிதல்ல. 1968-லேயே அமெரிக்காவில் ஐவன் சதர்லாண்ட் என்ற பேராசிரியர் இரண்டு குட்டிப் படக்குழாய்களைத் தலையில் மாட்டிப் பார்க்கும்படி ஒரு கருவி செய்தார். தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அறிய, கூரையிலிருந்து ஓர் இரும்புக் கை தொங்கியது. தெரிந்தது வெறும் கோட்டுச் சித்திரம்தான். ஆனால் அது ஆய்வுக்கூடச் சாமான். யாருக்கும் எதையும் விற்கவில்லை, எனவே ஏமாந்தவரும் இல்லை.

ஏமாற்றம் கடைக்கு வந்தது 1995-ல். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 'வர்ச்சுவல் பாய்' என்ற விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. அமெரிக்காவில் விலை சுமார் 180 டாலர். ஏற்கெனவே கேம் பாய் செய்து உலகப் புகழ் பெற்ற குன்பெய் யோகோய் உருவாக்கியது. உள்ளே ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரே வரிசையில் 224 சிவப்பு எல்.இ.டி. விளக்குகள். எதிரே வேகமாக அதிரும் ஒரு கண்ணாடி. அந்த ஒற்றை வரிசையைக் கண்ணாடி இடமும் வலமுமாக வீசி, 384க்கு 224 புள்ளிகள் கொண்ட படமாக நம் கண்ணுக்குக் காட்டும். பொறியியலாகப் பார்த்தால் அழகான வேலை.

ஆனால் படம் முழுக்கச் சிவப்பும் கறுப்பும்தான். சிவப்பு எல்.இ.டி. மலிவு, மின்சாரமும் குறைவாகத் தின்னும். பிரகாசமான நீல எல்.இ.டி.யை நகாமுரா அறிவித்தே இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. பின்னாளில் 2014-ல் நோபல் பரிசு வாங்கித் தந்த அந்த நீலத்தை 1995-ல் ஒரு விளையாட்டுச் சாமானில் வைக்க விலை இடம் கொடுக்கவில்லை. தவிர, இது மேஜைமேல் நிற்கும் சாதனம். குனிந்து எட்டிப் பார்க்க வேண்டும், தலையைத் திருப்பினால் காட்சி திரும்பாது. 'வர்ச்சுவல்' என்ற பெயரைப் பார்த்து வேறோர் உலகத்துக்குள் நுழையப்போகிறோம் என்று வந்தவர்களுக்குக் கிடைத்தது சிவப்புப் படமும் கழுத்துவலியும். ஒரு வருஷத்துக்குள் கடையைக் கட்டினார்கள். அதே நிறுவனம் பெயரில் மட்டும் அடக்கமாக இருந்திருந்தால் இத்தனை திட்டு வாங்கியிருக்காது என்பது என் எண்ணம்.

அதே வருஷம் ஃபோர்ட்டே என்ற நிறுவனம் வி.எஃப்.எக்ஸ்.1 என்ற தலைக்கவசத்தைக் கொண்டுவந்தது. இது வண்ணம் காட்டும், தலை திரும்பினால் காட்சியும் திரும்பும். ஆனால் குறுக்கே 263 புள்ளிகள்தான். அதையே 789 என்றும் எழுதினார்கள். எப்படி? ஒரு புள்ளிக்குள் இருக்கும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக எண்ணினால் 789! தேங்காய் ஒன்றுக்குக் கண் மூன்று என்பதால் மூன்று தேங்காய் என்று கணக்கெழுதுவது போல.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. நம் பழைய 21 அங்குல டி.வி.யை நினைத்துக்கொள்ளுங்கள். 625 வரிகளில் படத்துக்கு உரியவை 576. பத்தடி தள்ளி உட்கார்ந்தால் திரையின் உயரம் நம் பார்வையில் சுமார் 6 டிகிரிதான். அதாவது டிகிரிக்கு 90 வரிக்கும் மேல். கண் டாக்டர் 6/6 என்று எழுதிக்கொடுக்கும் நல்ல கண்ணுக்கு டிகிரிக்கு 60 புள்ளி இருந்தால் போதும். ஆக, டி.வி. தேவைக்கு மேலேயே கொடுத்தது. வி.ஆர். கண்ணாடியில் அந்தத் திரையை மூக்குக்கு முன்னால் கொண்டுவந்து, லென்ஸ் வைத்துப் பெருக்கி, 90 டிகிரிக்கு விரிக்கிறார்கள். ஒரு படி மாவில் ஊருக்கே தோசை வார்ப்பது போல. தோசை வரும், நடுவில் ஓட்டையும் வரும்.

1995-க்குப் பிறகு பல வருஷம் இந்தத் துறை கிட்டத்தட்ட மௌனம். மறுபடி உயிர் கொடுத்தது செல்போன்தான். போனுக்காகத் திரைகள் சின்னதாகவும் நுணுக்கமாகவும் மலிவாகவும் ஆயின. 2012-ல் பால்மர் லக்கி என்ற இருபது வயதுகூட நிரம்பாத இளைஞர், 'ஆக்யுலஸ் ரிஃப்ட்' என்ற கருவி செய்ய மக்களிடம் இரண்டரை லட்சம் டாலர் கேட்டார். குவிந்தது சுமார் 24 லட்சம் டாலர். மறுவருஷம் வந்த முதல் மாதிரியில் ஒரு கண்ணுக்குக் குறுக்கே 640 புள்ளிகள். 90 டிகிரிக்குப் பங்கிட்டால் டிகிரிக்கு ஏழு. கண் ஆஸ்பத்திரிப் பலகையில், உச்சியில் இருக்கும் அந்த ஒற்றைப் பெரிய எழுத்து மட்டும் தெரியும் நிலை. 2016-ல் கடைக்கு வந்த ரிஃப்ட்டில் ஒரு கண்ணுக்கு 1080. டிகிரிக்குப் பன்னிரண்டு, பலகையில் இரண்டாவது வரி. அதற்கே விலை 599 டாலர். முந்நூற்றைம்பது அளவில் இருக்கும் என்று முன்பு சொல்லியிருந்த லக்கி, பேச்சைச் சரியாகக் கையாளவில்லை என்று வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது.

புள்ளிகள் குறைவு என்பது மட்டுமல்ல. புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே இருக்கும் கறுப்பு இடைவெளியையும் லென்ஸ் பெரிதாக்கிவிடும். அதே 2016-ல் சோனி விட்ட கண்ணாடியில் ஒரு கண்ணுக்கு 960 புள்ளிகள்தான், ரிஃப்ட்டைவிடக் குறைவு. ஆனால் ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று நிறமும் முழுசாக இருந்தன. ரிஃப்ட்டில் புள்ளிக்கு இரண்டு நிறம்தான், மற்றதைப் பக்கத்துப் புள்ளியிடம் கடன் வாங்கும். அதனால் சோனியில் அந்த இடைவெளி குறைவாகவே உறுத்தியது. எண்ணை மட்டும் பார்த்து வாங்கியவருக்கு இது தெரிந்திருக்காது.

இனி என் கதை. கல்யாணமான புதிதில் மனைவியிடம் காசிக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்தேன். பிள்ளைகள் படிப்பு, அம்மாவின் வைத்தியம், வீட்டுக் கடன் என்று தள்ளிக்கொண்டே போயிற்று. ரிட்டயர் ஆனபோது அவளுக்கு மூட்டுவலி. மகன் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்ததும் எனக்கு மனசுக்குள் ஒரு நிம்மதி, ஒளிக்காமல் சொல்கிறேன். சுற்றிலும் தெரியும்படி எடுத்த காசிப் படித்துறை வீடியோ ஒன்றைத் தேடிப் பிடித்தேன்.

"நேர்ல போன மாதிரியே இருக்கும், பாரேன்" என்று மாட்டிவிட்டேன்.

ஐந்து நிமிஷம் இப்படியும் அப்படியும் பார்த்தாள். பிறகு கழற்றினாள்.

"என்னங்க இது, கொசுவலைக்குள்ள உக்காந்து பாக்கற மாதிரி இருக்கு. கங்கைல தண்ணி கட்டம் கட்டமா ஓடுது."

நான் விளக்கம் சொன்னேன். பாவம், அவள் சொன்னதையேதான் அமெரிக்கப் பொறியாளர்களும் 'வலைக்கதவுத் தோற்றம்' என்று பெயர் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வீடியோவும் ஒரு காரணம். 3840 புள்ளிகள் என்று பெருமையாகப் போட்டிருந்தது, ஆனால் அது முழு வட்டத்துக்கு. 360-ஆல் வகுத்தால் டிகிரிக்குப் பதினொன்றுகூட இல்லை.

அவள் விளக்கத்தைக் கேட்டுவிட்டு, "அப்ப காசி இதோட முடிஞ்சுதா?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் கணக்கு இல்லை.

ஒன்று யோசித்துப் பார்த்தேன். எண்பதுகளில் கறுப்பு வெள்ளைப் பெட்டியில், ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி, புள்ளியும் நிழலுமாக 'ஒளியும் ஒலியும்' பார்த்தோம். இதே அவளும்தான் பார்த்தாள். ஒருநாளும் குறை சொன்னதில்லை. அதை யாரும் நேரில் போன மாதிரி என்று சொல்லி அவளிடம் காட்டவில்லை. இதை நான் சொல்லித்தான் காட்டினேன்.

2018 பிப்ரவரியில் ரயிலேறினோம். ரயில் நிலையத்தில் சக்கர நாற்காலி, படித்துறைக்கு ரிக்‌ஷா, கடைசிப் படிகளுக்கு என் தோள். அதற்குள் அவள் வலக்கண்ணில் புரை வளர்ந்திருந்தது, ஊர் திரும்பியதும் ஆபரேஷன் என்று தேதி வாங்கியிருந்தோம். தசாஸ்வமேதப் படித்துறையில் சாயங்கால ஆரத்தி. பனிமூட்டமும் புகையும் வேறு. "ஏதாவது தெரியுதா?" என்று கேட்டேன்.

"மங்கலாத்தான் தெரியுது. இருக்கட்டும்" என்றாள்.

பெட்டியைத் துடைத்துப் பரணிலேயே திரும்ப வைத்துவிட்டேன். 2020-ல் வந்த கண்ணாடிகளில் டிகிரிக்கு இருபது புள்ளி வரை எட்டிவிட்டார்கள், பேரன் புதிது ஒன்று வாங்கித் தருவதாகச் சொல்கிறான். வரட்டும், பார்க்கலாம். இந்த முறை மாட்டிவிடும்போது நான் எதுவும் சொல்லப்போவதில்லை.