கோட்பாடுகளின் காலமும் களமும்: பன்னாட்டு அரசியல் பொருளாதாரச் சிந்தனையின் வரலாற்றுப் போக்கு

பன்னாட்டு அரசியல் பொருளாதாரம் பயிலும் மாணவருக்கு முதலில் கற்பிக்கப்படுவது தாராளவாதம், தேசியவாதம், மார்க்சியம் என்ற முப்பிரிவு. ராபர்ட் கில்பின் 1987இல் வெளியிட்ட நூல் இதைப் பரவலாக்கியது. வகுப்பறைக்கு வசதியான பகுப்புதான். ஆனால் காலத்துக்குக் கட்டுப்படாத மூன்று தத்துவங்கள் தமக்குள் வழக்காடுவது போன்ற தோற்றத்தை அது உண்டாக்கிவிடுகிறது. உலகச் சந்தையில் ஒரு நாடு நின்ற நிலையே அங்கு எழுந்த கோட்பாட்டின் கேள்வியைத் தீர்மானித்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

தடையற்ற வணிகத்தின் தாயகமான பிரிட்டன், 1700, 1721ஆம் ஆண்டுச் சட்டங்களால் சோழமண்டலக் கரை உள்ளிட்ட இந்தியப் பகுதிகளின் வண்ணத் துணிகளைத் தன் மக்கள் உடுத்தாதபடி தடுத்த நாடு. ரிக்கார்டோ ஒப்பீட்டுச் செலவுக் கோட்பாட்டை முன்வைத்தது 1817இல். தானிய இறக்குமதியைக் கட்டுப்படுத்திய தானியச் சட்டங்கள் நீங்கியது 1846இல். அதற்குள் பிரிட்டனின் லங்காஷயர் துணி ஆலைகளோடு போட்டியிட எவராலும் இயலவில்லை. இந்தியாவிலோ 1882இல் ஏறக்குறைய எல்லா இறக்குமதித் தீர்வைகளும் நீக்கப்பட்டன. வருவாய் நெருக்கடியால் தீர்வை திரும்பியபோது லங்காஷயர் சும்மா இருக்கவில்லை: 1896இல் இறக்குமதித் துணிக்கு 3.5 விழுக்காடு என்றால், இந்திய ஆலைத் துணிக்கும் அதே அளவு கலால் வரி.

அப்படியானால் கோட்பாடு என்பது நலனுக்குப் போர்த்திய ஆடைதானா என்று கேட்கலாம். ரிக்கார்டோவின் தர்க்கம் அவர் ஆங்கிலேயர் என்பதால் பொய்யாகிவிடாது என்பதும் நியாயமான மறுப்பே. இதற்கு விடை ஃபிரெடரிக் லிஸ்டிடம் கிடைக்கிறது. 1825இல் அமெரிக்கா சென்று அங்கே காப்புவரிச் சிந்தனையோடு பழகிய இந்த ஜெர்மானியர், 1841இல் தம் பெருநூலை வெளியிட்டு, இளந்தொழில்களுக்குக் காப்புவரி வேண்டும் என்றார். ஆனால் அந்த உரிமையை மிதவெப்ப நாடுகளுக்கே வழங்கினார். வெப்பமண்டல நாடுகள் வேளாண்மையோடு நின்றுவிட வேண்டும் என்பது அவர் கருத்து. அவர் விலக்கிவைத்த நாடுகளில் ஒன்றான இந்தியாவின் தொழில் வளர்ச்சிக்கு அவர் சிந்தனையைத் துணைக்கழைத்தவர் மகாதேவ் கோவிந்த ரானடே. இடம் புனே, ஆண்டு 1892. பிறந்த இடம் ஒரு கோட்பாட்டின் கேள்வியை வகுக்கிறது. அதன் பயனுக்கு எல்லை வகுக்க அதனால் முடிவதில்லை.

அர்ஜென்டினப் பொருளியலாளர் ரவுல் பிரெபிஷின் வாழ்வு இதை மேலும் உறுதிசெய்கிறது. இளமையில் தாராளவாதப் பொருளியலை நம்பியவர் அவர். 1930களில் அர்ஜென்டினாவின் ஏற்றுமதி விலைகள் சரிந்ததையும், 1933இல் பிரிட்டனோடு செய்துகொள்ள நேர்ந்த ஏற்றத்தாழ்வான உடன்படிக்கையையும் அருகிருந்து கண்டார். பிறகே, 1949இல், தொழில்மயமான மையம், மூலப்பொருள் ஏற்றுமதி செய்யும் விளிம்பு என்ற பகுப்பை முன்வைத்தார். விளிம்பு நாடுகளுக்குத் தீர்வாகக் கருதப்பட்ட இறக்குமதிப் பதிலீடு (இறக்குமதிப் பொருள்களை உள்நாட்டிலேயே உற்பத்தி செய்வது) எல்லை மீறியபோது, 1960களில் அதையும் அவரே விமர்சித்தார். நிலை மட்டுமே சிந்தனையை ஆட்டுவித்திருந்தால் இந்தத் தன்மறுப்பு நிகழ்ந்திராது.

மேலாதிக்க நிலைத்தன்மைக் கோட்பாட்டின் பிறப்பும் தற்செயலானதன்று. டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த பிணைப்பை 1971இல் நிக்சன் அறுத்தார். உலகப் பொருளாதாரத்தைத் தாங்க ஒரு வல்லரசு வேண்டும் என்று அமெரிக்கப் பொருளியலாளர் கிண்டில்பெர்கர் எழுதியது 1973இல். வல்லரசு தளர்ந்த பின்னும் ஒத்துழைப்பு நீடிக்கும் என்று 1984இல் மறுத்த ராபர்ட் கியோஹேனும் அமெரிக்கரே. நிலை மாறும்போது கொள்கையும் மாறுகிறது: போருக்குப் பிந்தைய உலகப் பொருளாதார ஒழுங்கை வகுக்க 1944இல் பிரெட்டன் உட்ஸ் மாநாட்டைக் கூட்டிய அதே நாடுதான் 2018இல் எஃகு இறக்குமதிக்கு 25 விழுக்காடு வரி விதித்தது.