மியூதோ: சிறியதா, சிறியதாக்கப்பட்டதா?

இன்னைக்கு ஒரே ஒரு சொல்லை வைத்து ஒரு குட்டி எபிசோட். அந்தச் சொல் 'மியூதோ'. ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் இருக்கும் கலீசியாவிலும், அதற்குத் தெற்கே இருக்கும் போர்ச்சுகலிலும் இதற்கு 'சின்ன', 'பொடி'ன்னு அர்த்தம். போர்ச்சுகலில் சின்னப் பையனையும் 'மியூதோ'ன்னு சொல்வாங்க.

முதல்ல வேரைப் பார்த்துடுவோம். லத்தீனில் 'மினுவேரே' என்றால் குறைப்பது. அதிலிருந்து 'மினூத்துஸ்', அதாவது குறைக்கப்பட்டது. நாம சொல்ற மினிட், ஹோட்டல் மெனு ரெண்டும் இதே குடும்பம்தான். மணியைப் பொடியாக்கினா மினிட்; சாப்பாட்டை ஒவ்வொண்ணா பிரிச்சு எழுதினா மெனு.

ஸ்பானிஷில் இது 'மெனூதோ' ஆனது. அப்போ 'மியூதோ'வில் 'ன' எங்கே போச்சு? கோட் எழுதுற எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. காரணம், இது பக் இல்லை, ரூல். இரண்டு உயிர் ஒலிகளுக்கு நடுவே தனியா மாட்டிக்கிட்ட 'ன' இந்த ரெண்டு மொழியிலும் பெரும்பாலும் கரைஞ்சுடும். நிலா ஸ்பானிஷில் 'லூனா', இங்கே 'லூவா'.

அர்த்தமும் நகர்ந்துகிட்டே இருக்கு. போர்ச்சுகீசில் ஒரு விஷயத்தைப் புரியும்படி விளக்குவதை, 'மியூதோவாக மாற்றுவது' என்பார்கள். பெரிய நோட்டைச் சில்லறையாக்கித் தருவது மாதிரி.

நம்ம ஊரில் 'சில்லறை' காசிலிருந்து ஆளுக்குத் தாவி வசவாகிவிட்டது, இல்லையா? அங்கேயும் அதே கதை. 'அர்ராயா மியூதா' என்றால் சாதாரண ஜனம், சில்லறைக் கூட்டம். 15ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஃபெர்னாவ் லோபெஸின் எழுத்தில் இந்தத் தொடர் ஒரு முக்கியமான இடத்தில் வருகிறது.

1383இல் போர்ச்சுகல் அரசர் ஃபெர்னாந்து ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். மகளின் கணவரோ பக்கத்து நாடான காஸ்டீலின் அரசர். பெரிய பிரபுக்கள் பலர் அவர் பக்கம் சாய்ந்தார்கள். அந்த டிசம்பரில் லிஸ்பன் தெருக்களில் இறங்கியது இந்தச் சில்லறைக் கூட்டம்தான். இறந்த அரசரின் அப்பாவுக்கு வேறொரு பெண்ணிடம் பிறந்த தம்பியான ஜோவாவை அவர்கள் தலைவராக்கினார்கள். வேறு சில ஊர்களில் கோட்டைகளையே பிடித்தார்கள். 1384இல் காஸ்டீல் படை லிஸ்பனை மாதக்கணக்கில் முற்றுகையிட்டது. உள்ளே பட்டினி. ஆனாலும் நகரம் விழவில்லை. வெளியே கொள்ளைநோய் பரவி, படை திரும்பிப் போனது. 1385இல் ஜோவா அரசரானார். கைவினைஞர்களின் 24 பிரதிநிதிகள் கொண்ட ஒரு சபை லிஸ்பன் நிர்வாகத்தில் இடம்பிடித்தது. 1834 வரை அது நீடித்தது.

லோபெஸ் அரச ஆவணக் காப்பகத்தின் பொறுப்பாளர், அரசவைச் சம்பளக்காரர். அப்படிப்பட்டவர் இந்த ஜனங்களை ஓரமா விடாமல் கதையின் நடுவிலேயே வைத்தார். இந்தச் சொல்லில் எனக்குப் பெரிசாத் தெரிவது அதுதான்.

இன்னொன்று. 'மினூத்துஸ்' என்பது செயப்பாட்டுவினை. சும்மா சிறியது இல்லை, சிறியதாக்கப்பட்டது. அப்போ ஆக்கினது யாருன்னு ஒரு கேள்வி வருதுல்ல? அதை யோசிச்சுக்கிட்டே இருங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.