ஹேபியர் பாதரும் அந்த வாழைச்சேனை ரோட்டும்

மட்டக்களப்பில் "வெபருக்குப் போறம்" என்றால் மைதானத்துக்குப் போறம் என்றுதான் அர்த்தம். வெபர் ஒரு அமெரிக்க யேசு சபைப் பாதர் என்பது எங்கட வயசில் கனபேருக்குத் தெரியாது. அதே சபையிலிருந்து வந்த இன்னொருவரின் பெயரில் அப்படி ஊர் அறிந்த மைதானம் இல்லை. அவர்தான் யூஜின் ஜோன் ஹேபியர்.

1923 இல் அமெரிக்காவின் லூசியானாவில் பிறந்தவர். நாடு சுதந்திரம் பெற்ற 1948 இல் இங்கே வந்தார். திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் புளியந்தீவு புனித மிக்கேல் கல்லூரியிலும் படிப்பித்தார். ஆனால் பழைய மாணவர்கள் அவரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பாடத்தை விட்டுவிட்டு பாஸ்கெட்போலுக்குத்தான் வருவார்கள். ஏனென்றால் அவர்தான் கோச்.

நாலு பக்கமும் வாவி சூழ்ந்த தீவு புளியந்தீவு. இடம் குறைவு. பாஸ்கெட்போலுக்கு ஒரு சின்னக் கோர்ட்டும் ஐந்து பேரும் போதும். மிச்சமெல்லாம் பயிற்சிதான். அந்தப் பயிற்சியை வைத்துத்தான் மிக்கேல் அணி கொழும்புப் பாடசாலைகளை வென்று அகில இலங்கைச் சம்பியன் ஆனது. தலைநகரில் இருந்தால்தான் வெல்லலாம் என்ற நினைப்பை எங்கட ஊர்ப் பொடியன்கள் உடைத்த கதை இது.

பிறகு மட்டக்களப்பு தொழில்நுட்ப நிலையம் ஒன்றின் பொறுப்பை ஏற்றார். 1970களில் வந்த தரப்படுத்தலுக்குப் பிறகு பல்கலைக்கழகம் பற்றிய பேச்சு எங்கும் இருந்தது. ஆனால் அந்த வாசலுக்கே போகாத பொடியன்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குக் கையில் ஒரு தொழில் வேணும் என்பதே அவருடைய கவலை. கோர்ட்டில் செய்ததைத்தான் இங்கேயும் செய்தார்: இருக்கிறதை வைத்து ஆளை உருவாக்குவது.

1990 ஜூனில் யுத்தம் மறுபடி வெடித்தது. ஓகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். 11 இரவு ஏறாவூரில் முஸ்லிம் குடும்பங்கள் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டன. இந்தப் பக்கம் தமிழர்கள் பிடிபட்டார்கள், காணாமல் போனார்கள். ஒரே ரோட்டில் இருந்த ஊர்கள் ஒன்றுக்கொன்று பயந்து கிடந்த நாட்கள்.

ஓகஸ்ட் 15. ஹேபியர் பாதர் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் திரும்பினார். அவரோடு ஒரு தமிழ்ப் பையனும் வந்தான். ஏறாவூர்ப் பக்கம் கண்டதாகச் சொல்லப்படுவதோடு கதை நின்றுவிடுகிறது. இரண்டு பேரும் வீடு வந்து சேரவில்லை. பாதருக்கு அப்போது 66 வயசு. 42 வருசம் எங்கட மண்ணில் இருந்தவர்.

யார் செய்தது என்று இன்றுவரை எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. ஆளுக்கொரு கதை இருக்கிறது. தமிழர் ஒரு பக்கம் விரல் நீட்டலாம், முஸ்லிம்கள் இன்னொரு பக்கம் நீட்டலாம். நாங்கள் அதைச் செய்யப் போவதில்லை. அடுத்த மாதமே வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 150க்கும் மேற்பட்டவர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். சத்துருக்கொண்டானில் சனம் கொல்லப்பட்டது. பாதரின் பெயர் வெளிநாட்டுக்காரர் என்பதால் பத்திரிகைக்குப் போனது. மற்றவர்களின் பெயர் தாய்மாரின் வாயில் மட்டும் மிஞ்சியது.

அதனால் அவரை நினைக்கும்போது பின்சீற்றில் இருந்த அந்தப் பையனையும் சேர்த்தே நினைக்க வேணும். அவனும் யாரோ ஒரு அம்மாவின் பிள்ளை. பாதர் இந்த மண்ணுக்கு வந்ததே அப்படியான பிள்ளைகளுக்காகத்தான்.